அத்தான் போடாத பட்டன்

என் அக்காவின் கணவர் முப்பத்திரண்டு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டரில் ரீடிங் எடுத்தவர். ஊரே அவரை மீட்டர்காரர் என்றுதான் கூப்பிடும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கால்கள் சும்மா இருக்கவில்லை. காலையில் செருப்பை மாட்டும்போது “எங்க அத்தான்?” என்று கேட்டால், “சும்மா ஒரு சுத்து” என்பார். அந்தச் சும்மா ஆறு கிலோமீட்டர்.

அக்காவுக்குக் கை கால் நடுக்கம் முற்றி, ஒரே மாதத்தில் இரண்டு முறை குளியலறையில் விழுந்தாள். பிள்ளைகள் கிடையாது. முதியோர் இல்லம் தேடும் வேலை தம்பியான என் தலையில் விழுந்தது. ஏழெட்டு இடம் அலைந்தேன். எல்லா இடத்திலும் பளபளவென்று ஒரு புத்தகம் கொடுத்தார்கள். அதில் கிழவர்கள் எல்லாரும் எதற்கென்றே தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் பிடித்துப்போன இடத்தில் மூன்று கட்டடங்கள். தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்பவர்களுக்கு முன் கட்டடம். குளிக்க, உடுத்த, மாத்திரை எடுக்க உதவி வேண்டியவர்களுக்கு நடுக் கட்டடம். படுக்கையோடு இருப்பவர்களுக்குப் பின் கட்டடம். யார் எங்கே என்பதை ஒரு தேர்வு வைத்து முடிவு செய்வார்கள். அக்காவுக்கு நடுக் கட்டடம் என்பதில் சந்தேகமே இல்லை. கல்லுக்குண்டாக இருந்த அத்தானுக்கு முன் கட்டடம்தான்.

“அவ பாத்ரூம் போக எழுந்திரிச்சா யாரு மாப்ளே பிடிப்பா? நான் அங்க உக்காந்து பேப்பர் படிக்கவா?” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

யோசனை சொன்ன புண்ணியவான் நான்தான். “தேர்வுல சட்டை பட்டன் போடச் சொல்வாங்க அத்தான். ரெண்டு போட்டுட்டு மூணாவதுல கொஞ்சம் தடுமாறுங்க, போதும்” என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து பழகாத மனிதர். ஒரு பட்டன்கூடப் போடவில்லை. நாற்காலியை விட்டு எழும்போது தள்ளாடினார். தண்ணீர் டம்ளரைக் கீழே போட்டார். வாசலுக்கு வழி எது என்று கேட்டதற்குச் சன்னலைக் காட்டினார். அக்காவோடு ஒரே அறை கிடைத்தது. கூடவே கோப்பில் ஒரு வரியும் ஏறியது: துணையின்றி வெளியே விடக் கூடாது.

எட்டு மாதம் ஓடியது. அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடம், கூடத்திலிருந்து அறை. கேட்டுக்கு வெளியே ஓர் அடி வைத்ததில்லை. “என்னால உங்களையும் அடைச்சுப் போட்டுட்டாங்களே” என்று அக்கா அழுவாள். “இங்க நிழலா இருக்கு, வெளிய ஒரே வெயிலு” என்று சமாளிப்பார்.

பிறகு அக்கா எழுந்திருக்கவே முடியாமல் போனாள். பின் கட்டடத்துக்கு மாற்றினார்கள். இரண்டு கட்டடத்துக்கும் நடுவே நாற்பது அடி முற்றம். முன் கட்டடத்துக்காரர்கள் எப்போது வேண்டுமானாலும் பின் கட்டடத்துக்குப் போய் உட்காரலாம். நடுக் கட்டடத்துக்காரர்களை உதவியாளர் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். அதுவும் புதன், சனி மட்டும், அரை மணி நேரம்.

அத்தான் என்னையும் கூட்டிக்கொண்டு இல்லத்து நிர்வாகி அம்மாவின் அறைக்குப் போய், அவள் முன்னாலேயே சட்டைப் பட்டன் ஐந்தையும் கழற்றி மாட்டினார். மறுபடி கழற்றி மாட்டினார். “அன்னிக்குப் பொய் சொன்னேம்மா. எனக்கு ஒண்ணும் இல்ல. என்னை முன்னாடிக் கட்டடத்துக்கு மாத்துங்க” என்றார்.

“எல்லாருக்கும் ஒரு நல்ல நாள் வரும்யா. அப்புறம் விழுந்துடுவாங்க” என்றாள் அவள், கனிவாகத்தான்.

“நான்தாங்க அவருக்கு நடிக்கச் சொல்லிக் கொடுத்தேன்” என்று நான் குறுக்கே விழுந்தேன்.

“குடும்பத்துக்கு ஏத்துக்கக் கஷ்டமாதான் இருக்கும் சார்.”

மேசையில் இருந்த படிவத்தை எட்டிப் பார்த்தேன். நடுக் கட்டடத்திலிருந்து பின்னால் அனுப்ப, டிக் போட ஒரு கட்டம் இருந்தது. முன்னால் அனுப்ப எங்கேயும் கட்டம் இல்லை. அவள் அடியில் ஒரு வரி எழுதினாள்: ‘நடந்ததை மாற்றிச் சொல்கிறார். கவனிக்கவும்.’ எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பேனாவைப் பிடுங்கி வீசியிருப்பேன். அத்தான் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

போன சனிக்கிழமை நானும் கூடப் போனேன். பின் கட்டடத்து வாசலில் நின்று, “இங்க மட்டும் கைய விட்டுடு தம்பி” என்று உதவியாளரைக் கெஞ்சினார். அவன் விட்டான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தனியாகவே உள்ளே நடந்தார்.

அக்காவுக்குக் குரல் மெலிந்துவிட்டது. “முன்னாடிக் கட்டடத்துல சௌகரியமா இருக்கா? வெளிய போறீங்களா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்.

“தினம் ஆறு கிலோமீட்டர்” என்றார் அத்தான்.

அக்காவின் முகம் மலர்ந்தது. “அதான் வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வர்றீங்களா? பரவாயில்ல, நடங்க. எனக்காக அதை நிறுத்திடாதீங்க” என்றாள்.

“சரி” என்றார் அவர்.