சம்பந்திக்கு வைத்த இறால் சூப்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் சம்பந்தியை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நோய்நொடி எதுவும் இல்லை. நான் வைத்த சூப்பைக் குடித்தார் — அவ்வளவுதான்.

சம்பந்தி என்றால் என் மகள் நித்யாவின் மாமனார். உடுமலைப்பேட்டை பக்கம் தென்னந்தோப்பு. அறுபத்திரண்டு வயது, வெள்ளை வேட்டி, மெல்லிய குரல். கல்யாணம் முடிந்த இந்த எட்டு மாதத்தில் நாலு முறை எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. காபி கொடுத்தால் காபி. டீ கொடுத்தால் டீ. ஒருமுறை ஆளுக்கு ஒன்றாக நானும் என் மனைவி கோமதியும் தெரியாமல் கொண்டுவந்து நீட்டிவிட்டோம்... இரண்டையும் குடித்தார்!

அவருடைய கிணற்று மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பி எரிந்துவிட்டது. நாங்கள் குடியிருக்கும் கணபதியில், வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, கம்பியைப் புதிதாகச் சுற்றித்தரும் ரீவைண்டிங் பட்டறை ஒன்று இருக்கிறது. "நாளைக்குக் காத்தால மோட்டாரைக் கொண்டாந்து குடுத்துப்போட்டு, சாயங்காலம் வாங்கிட்டுப் போலாமுன்னு இருக்கனுங்க" என்று வெள்ளிக்கிழமை போன் செய்தார்.

"அப்ப மத்தியானச் சாப்பாடு நம்ம ஊட்டுலதானுங்க" என்றேன்.

"சரிங்க" என்றார். வேறென்ன சொல்வார்?

ஓய்வு பெற்றபின் நான் சமையல் பழகி வருவது இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குத் தெரியும். அந்த வாரம் போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். தாய்லாந்து பாணி இறால் சூப். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இறால், தேங்காய்ப்பால், எலுமிச்சைப் புல், எலுமிச்சை இலை, இஞ்சி மாதிரி ஒரு கிழங்கு, புளிப்புக்கு எலுமிச்சைச் சாறு. தேங்காய்ப்பால் என்றதும் சம்பந்தி ஞாபகம் வந்தது. போன முறை அவர் கொண்டுவந்த தேங்காயே பத்துக்குமேல் வீட்டில் கிடந்தது. அவர் தோப்புத் தேங்காயை அவருக்கே தாய்லாந்து ருசியில் கொடுத்தால் எப்படி இருக்கும்!

சனிக்கிழமை காலை ஆறரைக்கெல்லாம் உக்கடம் மீன் மார்க்கெட்டில் நின்றேன். நடுத்தர இறால் அரைக் கிலோ. எலுமிச்சைப் புல் எங்கள் மொட்டை மாடித் தொட்டியிலேயே இருக்கிறது. இலைக்குப் பக்கத்து வீட்டு எலுமிச்சை மரம். அந்தக் கிழங்குக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தேன். நம் சித்தரத்தை அதற்குப் பங்காளி முறை என்று யாரோ எழுதியிருந்தார்கள். டவுன்ஹால் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் கேட்டேன்.

கடைக்காரர் பொட்டலம் மடித்துக்கொண்டே, "ஊட்டுல யாருக்குங்க இருமல்?" என்றார்.

"சூப்புக்குங்க."

அவர் நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு, பொட்டலத்தை நீட்டினார்.

செய்முறை இதுதான். இறாலை உரித்து, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை எடுத்துவிட வேண்டும். உரித்த ஓட்டைத் தூக்கிப் போடக் கூடாது. கொஞ்சம் எண்ணெயில் சிவக்க வதக்கி, தண்ணீர் ஊற்றி இருபது நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டினால், சூப்பின் ருசி முழுக்க அந்தத் தண்ணீரில்தான். அதில் தட்டிய எலுமிச்சைப் புல், நசுக்கிய சித்தரத்தை, கிழித்த இலை, கீறிய பச்சை மிளகாய், நாலைந்து சின்ன வெங்காயம். கொதி வந்ததும் இறால். மூன்றே நிமிடம் — விட்டால் ரப்பராகிவிடும். தேங்காய்ப்பால் ஊற்றி, ஓரம் நுரை கட்டும்போது இறக்கி, உப்பு, எலுமிச்சைச் சாறு, மல்லித்தழை. மீனைப் புளிக்கவைத்து எடுக்கும் ஒரு சாஸும் ஊற்றச் சொல்கிறார்கள். பாட்டில் வாங்கியிருந்தேன். மூடியைத் திறந்தேன். கோமதி என்னைப் பார்த்தாள். மூடிவிட்டேன்.

ஒரு மணிக்கு சம்பந்தி வந்தார். மோட்டாரைப் பட்டறையில் கொடுத்தாகிவிட்டது. கை கழுவி உட்கார்ந்தார். முதலில் சூப் கிண்ணத்தை வைத்தேன்.

"எறா சூப்புங்க. தாய்லாந்து அயிட்டம். உங்க தோட்டத்துத் தேங்காதான்."

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயடைத்துப் போய்விட்டார் என்று நினைத்துப் பூரித்துப் போனேன்.

"நீங்களே செஞ்சீங்களாக்கும்?"

"நானேதானுங்க. காத்தால உக்கடம் போயி வாங்கியாந்தேன்."

"அப்படீங்களா" என்றார். குடித்தார். இறாலை ஒதுக்காமல் ஒவ்வொன்றாக மென்று சாப்பிட்டார். "நல்லா இருக்குதுங்க" என்றார். கிண்ணம் காலியானதும் நான் இன்னொரு கரண்டி ஊற்றினேன். அதையும் குடித்தார்.

ரசம் ஊற்றும்போது அவர் மணிக்கட்டைச் சொறிந்துகொண்டிருந்தார். கொசு என்று நினைத்து ஃபேனைக் கூட்டினேன். மோர் கொண்டுவந்த கோமதிதான் முதலில் கவனித்தாள்.

"ஏனுங்க... அவுரு ஒதட்டைப் பாருங்க!"

மேலுதடு வீங்கியிருந்தது. காது மடல் இரண்டும் செக்கச்செவேல். கழுத்தில் திட்டுத் திட்டாகத் தடிப்பு.

"சம்பந்தி, என்னங்க பண்ணுது?"

"ஒண்ணுமில்லீங்க... சித்தெ காத்து வேணுமாட்ட இருக்குதுங்க."

காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. அவருக்கு உள்ளே போகவில்லை. குரல் கரகரத்தது.

"எறா உங்களுக்கு ஒத்துக்காதுங்களா?"

"அது... முன்ன ஒருக்கா... அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

முப்பது வருடம் பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனை பார்த்தவன் நான். வெளியிலிருந்து வரும் ஒரு போல்ட்டைக்கூட அளந்து பார்க்காமல் உள்ளே விட்டதில்லை. வீட்டுக்கு வந்த மனிதரிடம் 'இது உங்களுக்கு ஆகுமா' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை!

காரை எடுத்தேன். கோமதி பின்னால் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி பத்து நிமிட தூரம்தான். மூச்சு வாங்குகிறது, கண் சுருங்கிப்போய்விட்டது... அந்த நிலையிலும் பின்னாலிருந்து, "உங்களுக்குச் சிரமம் குடுத்துப்போட்டனுங்க" என்கிறார். கேசுவாலிட்டி வாசலில் ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் செருப்பைக் கழற்றி ஓரமாக, ஜோடியாக வைத்தார்.

உடனே ஊசி. ஆக்சிஜன். கையில் டிரிப்ஸ். நாங்கள் வெளியே நின்றோம்.

அந்த இருபது நிமிடம் நான் என்ன நினைத்தேன் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். அவர் பிழைக்க வேண்டும் என்று நினைத்தேன். கூடவே, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் மகள் அந்த வீட்டில் எப்படி வாழ்வாள் என்றும் நினைத்தேன். 'உங்கப்பன் குடுத்த சூப்பு' என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொல்லாமலே எத்தனை வருஷம் ஓடும்!

நித்யாவுக்குப் போன் செய்தேன்.

"எறாவா! மாமாவுக்கு அது ஆகாதுங்கப்பா. மூணு வருசத்துக்கு முன்னால ஒரு கல்யாணத்துல தெரியாமத் தின்னு மேலெல்லாம் தடிச்சுப்போச்சாம். அத்தை சொன்னாங்க."

"எங்கிட்ட யாரும் சொல்லலியே கண்ணு."

"நீங்க கேட்டீங்களாப்பா?"

"கெளம்பி வாறோம்" என்று வைத்துவிட்டாள்.

இளம் டாக்டரம்மா வெளியே வந்தார். ஆபத்து நீங்கிவிட்டது, ஒருநாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். உள்ளே கூப்பிட்டார். சம்பந்தி தலையணையில் சாய்ந்திருந்தார். வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது.

"இதுக்கு முன்னாடி இந்த மாதிரி வந்திருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒருக்கா வந்துச்சுங்க."

"எதனாலன்னு தெரியுமா?"

"எறாங்க."

"தெரிஞ்சேவா இன்னைக்குச் சாப்பிட்டீங்க?"

சம்பந்தி என் பக்கம் பார்த்தார். "காத்தால மார்க்கெட் போயி, ஆசையாச் செஞ்சாருங்க. எப்படிங்க வேண்டாங்கறது?"

எழுதிக்கொண்டிருந்த டாக்டர் பேனாவை நிறுத்தினார். "இன்னொரு தடவை இப்படி மரியாதை பார்த்தீங்கன்னா உசுரே போயிரும்" என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. எங்கள் இரண்டு பேரையும்தான் பார்த்துச் சொன்னார்.

மூன்று மணிக்கு வார்டுக்கு மாற்றினார்கள். கோமதி கஞ்சி எடுத்துவர வீட்டுக்குப் போனாள். நாங்கள் இருவர் மட்டும். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"மன்னிச்சுப்போடுங்க" என்றேன்.

"அட, தப்பு எம்பேர்லதானுங்க."

"நெசத்தைச் சொல்லுங்க. சூப் எப்படித்தான் இருந்துச்சு?"

"ரசத்துல தேங்காப்பாலை ஊத்துனாப்புல இருந்துச்சுங்க."

எட்டு மாதத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் உண்மை! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்ததில் அவருக்கு இருமல் வர, தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, டம்ளரைப் பார்த்தபடியே ஒன்று சொன்னார்.

"ஊசி போடறப்போ அம்மணி நெனப்புதானுங்க வந்துச்சு. நித்யா நெனப்பு."

"ஏனுங்க?"

"எங்க ஊட்டுக்கு வந்து எட்டு மாசமாச்சு. எதைக் கேட்டாலும் 'சரிங்க மாமா'ங்குது. ஒருக்காகூட வேண்டாமுன்னு சொன்னதில்லீங்க. நானே இன்னைக்கு இப்படித் தின்னுபோட்டுப் படுத்துக் கெடக்கறேன். அது மனசுக்குள்ள எதையெல்லாம் முழுங்கிட்டு இருக்குதோ? நாங்க கேட்டாச் சொல்லாது. நீங்களாவது கேட்டுப் பாருங்க."

நான் அசந்துபோனேன். 'சரிங்க மாமா' என்று சொல்லும் பிள்ளையை வளர்த்தது நாங்கள்தான். அதில் எங்களுக்கு ஏகப்பட்ட பெருமை வேறு.

ஐந்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, நித்யா, சம்பந்தியம்மா. அந்த அம்மா நேரே கட்டிலுக்குப் போனார். "உங்களுக்கு வாயில்லீங்களா? 'எனக்கு ஆகாது'ங்கறதுக்கு என்ன கேடு?" என்று கணவரைப் பிடித்தார். பிறகு என்னிடம் திரும்பி, "நீங்க வெசனப்படாதீங்கண்ணா. இவுரு அப்படித்தான்" என்றார். நான் பயந்த மாதிரி அந்த முகத்தில் எதுவும் இல்லை.

நித்யாவைக் காரிடாருக்குக் கூட்டிப்போனேன். மாமா சொன்னதைச் சொன்னேன். தலைகுனிந்து நின்றாள்.

"உனக்கு என்ன வேணும் கண்ணு? எங்கிட்டச் சொல்லு."

மெதுவாக, "வேலைக்குப் போகணுமுங்கப்பா" என்றாள்.

நித்யா படித்தது பிசியோதெரபி. கல்யாணத்துக்கு முன் இங்கே இரண்டு வருடம் வேலை பார்த்தாள். கல்யாணத்தோடு நின்றுவிட்டது. அவளே விட்டுவிட்டாள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

"அங்க யாராச்சும் போக வேண்டாமுன்னாங்களா?"

"இல்லீங்கப்பா. வந்த புதுசுல அத்தை, 'வேலைக்கெல்லாம் போயிச் சிரமப்பட வேண்டாம் கண்ணு'ன்னாங்க. நான் சரிங்கன்னு சொல்லிட்டேன். அப்புறம் எப்படிக் கேக்கறது?"

"அட அம்மணி!"

திரும்பினோம். மாத்திரைச் சீட்டோடு சம்பந்தியம்மா நின்றுகொண்டிருந்தார். "நீ களைச்சுப்போயிருப்பியேன்னு சொன்னேன் சாமி. நீ உடனே சரின்னயா... சரி, புள்ளைக்கே விருப்பமில்லையாட்ட இருக்குதுன்னு நானும் விட்டுட்டேன். போகோணும்னா சொல்ல மாட்டியா?"

நித்யா அழுதுவிட்டாள். அவர் புடவைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்தார். சீட்டை என் கையில் கொடுத்து, மாத்திரை வாங்கிவரச் சொன்னார். அங்கிருந்து நகர எனக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டது.

நாம் இந்தப் பக்கத்துக்காரர்கள் பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுகிறவர்கள். நல்ல பழக்கம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒருவர் சிரமப்படக் கூடாதே என்று மற்றவர் வாயை மூடிக்கொள்கிறார். அவர் வாயை மூடியதைப் பார்த்து இவர் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார். இரண்டு பக்கமும் நல்லவர்கள். நடுவில் ஒரு பெண் எட்டு மாதம் சும்மா உட்கார்ந்திருக்கிறாள்!

மறுநாள் காலை சம்பந்தியை வீட்டுக்கு அனுப்பினார்கள். மோட்டாரையும் ஏற்றிக்கொண்டு நால்வரும் கிளம்பினார்கள். அடுத்த வாரமே உடுமலையில் ஒரு ஆஸ்பத்திரியில் நித்யா விண்ணப்பம் போட்டாள். கூட்டிப்போனது மாமனார். இப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

நேற்று அவளுக்குப் போன் செய்தேன். "ஞாயித்துக்கெழமை அம்மாவும் நானும் அங்க வாறோம் கண்ணு" என்றேன்.

"இந்த வாரம் வேண்டாமுங்கப்பா. எனக்கு டூட்டி. அடுத்த வாரம் வாங்க" என்றாள், பட்டென்று.

போனை வைத்தேன். "என்ன சொல்றா?" என்று கோமதி கேட்டாள்.

"வர வேண்டாங்கறா" என்றேன் — சந்தோஷமாக.