ரீடன் சரிவில் உப்பு

ரீடன் ஊரில் யார் வீட்டு வாசல் பனியை யார் அள்ளிப் போட்டார்கள் என்று கேட்கக் கூடாது. விடிவதற்குள் அள்ளியிருக்கும். கேட்டால், "எனக்கென்ன தெரியும், தேவதை வந்திருக்கும்" என்று மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார்கள். செய்த உதவியைச் சொல்லிக் காட்டுவது அந்த மலையூரில் திருட்டைவிடக் கேவலம். நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பழக்கம்தான் கடைசியில் புர்கியின் வாயில் மண்ணைப் போட்டது.

புர்கி பிறந்தது சரிவின் அடிவாரத்து வீட்டில். அவள் அப்பா ஒரு பழைய டிராக்டர் எஞ்சினில் கயிற்றைச் சுற்றி ஆட்களை மேலே இழுத்ததுதான் ரீடன் பனிச்சறுக்குக்குத் தொடக்கம். பிறகு இரும்பு வடமும் அதில் தொங்கும் மரக்கட்டைகளுமாக லிஃப்ட் வந்தது. ஒரு கட்டைக்கு இரண்டு பேர். அதில் உட்காரக் கூடாது; காலில் சறுக்குப் பலகையோடு நின்றபடி, கட்டை பின்புறத்தை முட்டித் தள்ளும்படி விட்டுவிட வேண்டும். நகரத்து ஆட்கள் நாற்காலி என்று நினைத்து உட்கார்ந்து உருளுவார்கள். "உக்காராதீங்க சாமி, அது சோபா இல்ல!" என்று கத்திக் கத்தியே புர்கிக்குத் தொண்டை கட்டிப்போனது. அப்படி உருண்டவர்களில் ஒருவன் ரெமி. பாவமே என்று அவளே அவனுக்குத் துணையாக மேலே போனாள். அடுத்த பனிக்காலத்தில் அவனையே கட்டிக்கொண்டாள். ரெமி போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு மிச்சம் அந்த வடமும், அதை ஓட்டும் சின்ன அறையும்தான்.

பக்கத்துப் பள்ளத்தாக்கில் கண்ணாடி மூடிய நாற்காலிகள் ஏறி இறங்கின. ரீடனிலோ பனியே அருகி வந்தது. தண்ணீரைப் பனியாக்கி ஊதும் இயந்திரம் வாங்கினார்கள். அதற்கும் குளிர் வேண்டுமே! குளம் நிறையத் தண்ணீர், கொட்டகையில் இயந்திரம், குளிரைத்தான் காணோம். குழந்தைகளின் போட்டி இரண்டு வருடமாக நடக்கவில்லை. மேயர் எங்கல்பர்ட் பட்டென்று சொல்லிவிட்டார்.

"இந்த ஞாயித்துக்கிழமை பசங்க சறுக்கி முடிச்சாங்கன்னா லிஃப்ட் இருக்கும். இல்லன்னா வடத்தை அறுத்துப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான். சபையில இதுக்கு மேல என்னால வாதாட முடியாது புர்கி."

சனிக்கிழமை தெற்கிலிருந்து காற்று கிளம்பியது. தெற்குக் காற்றைத் தென்றல் என்று கொஞ்சுகிறவர்கள் ரீடனுக்கு வந்து பார்க்க வேண்டும். மலை தாண்டி இறங்கும் அந்தச் சூட்டுக் காற்று அங்கே எமன். மதியத்துக்குள் சரிவு கஞ்சியாகிவிட்டது. புர்கி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். காற்றை யார் கட்டிப்போட முடியும்?

ஒரே வழி உப்பு. ஈரப் பனியில் அளவாகத் தூவினால் மேல்பகுதி கொஞ்சம் உருகி, மீதியின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். பனி பாறையாக இறுகும். ஒரு தடவைதான். மேலும் போட்டால் அடிவரை தின்றுவிடும். ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும்.

ஞாயிறு விடியலில் புர்கி இடுப்பில் உப்புப் பையைக் கட்டிக்கொண்டு, விதைப்பது போல வீசியபடி ஒரே தடவை சரிவில் இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் பனி இறுகியது. குதிகாலால் தட்டினாள், டங்கென்றது.

"வந்துட்டியாடா தங்கம்" என்று பனியையே கொஞ்சினாள்.

முதலில் இறங்கிய பிள்ளைகள் அம்பாகப் பாய்ந்தார்கள். ஊரே மாட்டு மணிகளை ஆட்டிக் கூவியது. வெயில் ஏற ஏற, நடு வளைவில் ஒரு பையனின் பலகை சரக்கென்று உள்ளே இறங்கியது. பனி விலகிப் பழுப்புப் புல் தெரிந்தது. அடுத்து வந்தவள் அதில் குப்புற விழுந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளைவு முழுவதும் சேறாக வழிந்தது. போட்டியை நிறுத்திவிட்டார்கள்.

புர்கி மூச்சிரைக்க வளைவுக்கு ஓடினாள். உருகிய நீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். ஒரே கரிப்பு.

"எவன்டா இதுக்கு மேல உப்புப் போட்டது?"

கொழுந்தன் ஃபிரிடோலின் தலையைச் சொறிந்தான். "கொஞ்சூண்டுதான் அண்ணி. மேல் பக்கம் மட்டும். மனசு கேக்கல..."

"அடிவாரத்துல நான் ஒரு பை போட்டேன்" என்றார் மேயர், பூட்ஸைப் பார்த்தபடி.

"நீங்களுமா? சட்டம் பேசின வாய் எங்க போச்சு?"

"நானும் இந்த ஊர்க்காரன்தானே புர்கி."

ரொட்டிக்கடை ஒட்டிலி அழவே தொடங்கிவிட்டாள். "வளைவுல நான்தான் போட்டேன். கடையில இருந்த கல்லுப்பு பூரா கொட்டிட்டேன். சொன்னா பெருமையடிச்ச மாதிரி ஆயிடும்னு..."

"அடப் பாவிங்களா! ஒருத்தர்கூடவா வாயைத் திறக்கல? என் லிஃப்டைக் கொன்னுட்டீங்களே!"

எல்லாருடைய கண்ணும் ஒட்டிலி மேல் திரும்பியது. அவள் மேலங்கியால் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள்.  அவளையே பார்த்துக்கொண்டிருந்த புர்கி, அருகில் போய்த் தோளைப் பிடித்தாள்.

"அழாத. வளைவுல நான் ரெண்டு தடவை போட்டேன்."

 மேயர் தொப்பியைக் கழற்றினார். நாளைக்குச் சபை கூடும் என்றார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. மேலே காத்திருந்த பிள்ளைகள் பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஓரத்துப் புல் வழியாக நடந்தே இறங்கினார்கள்.

புர்கி தன் அறைக்குத் திரும்பினாள். மரக்கட்டைகள் காலியாக மேலே போய்க் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தன. சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் கையை வைத்தபடி உட்கார்ந்தாள்.

ஃபிரிடோலின் கதவருகே வந்து நின்றான். "நிறுத்துங்க அண்ணி. சும்மாதானே ஓடுது."

"ஓடட்டும்டா" என்றாள் புர்கி. "இன்னைக்கு ஒரு நாள் ஓடட்டும்."