நாற்காலிக்காரர் செய்த புரட்சி

சுற்றியிருந்த நாடுகளெல்லாம் ராஜாக்களை வழியனுப்பிவிட்டு ஓட்டுப்பெட்டி வைத்த காலத்தில், இந்த நாட்டுக்கு ஓட்டுப்பெட்டிகளை ஏற்றி வந்த கப்பலைத் துறைமுகத்திலேயே ஒரு ஜெனரல் மடக்கிவிட்டார். பெட்டிகளில் அவருடைய சிப்பாய்கள் வெங்காயம் போட்டு வைத்தார்கள். ஜெனரல் முப்பத்தொரு வருடம் ஆண்டார். பெயர் சொல்லப் பயந்துகொண்டு எல்லோரும் அவரைப் 'பெரியவர்' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

பெரியவரின் அரசு விழாத் துறையில் ஒரு துணைச் செயலர் இருந்தார். மேடையில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று முடிவு செய்வதுதான் அவர் வேலை. அதனால் அலுவலகத்தில் அவருக்கு நாற்காலிக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது. இரண்டாவது மாடியில் அவர் மேஜை மீது ஒட்டுப்பலகையில் செய்த சின்ன மேடை ஒன்று இருக்கும். அதில் தீப்பெட்டி அளவு நாற்காலிகள். ஒரு மந்திரிக்குப் பதவி போகப்போகிறது என்றால் அது மந்திரியின் மனைவிக்குத் தெரிவதற்கு முன்னால் இவருக்குத் தெரிந்துவிடும். அந்த மந்திரியின் குட்டி நாற்காலியை எடுத்து இழுப்பறைக்குள் போட்டுவிடுவார்.

பெரியவரின் நாற்காலி மற்றவர்களுடையதைவிட நான்கு அங்குலம் உயரமாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பெரியவர் குள்ளம். ஆகையால் துறையின் தச்சர் மற்ற நாற்காலிகளின் கால்களை அறுத்துக்கொண்டே இருப்பார். நெட்டையான ஒரு நிதி மந்திரிக்கு அறுத்த அறுப்பில், அந்த மனிதர் முழங்கால் காதில் இடிக்க இரண்டு வருடம் நாட்டின் நிதியை நிர்வகித்தார்.

இத்தனை பேரை உட்கார வைத்த நாற்காலிக்காரருக்கு மேடையில் இடம் கிடையாது. இருபத்திரண்டு வருடமாகத் திரைக்குப் பின்னால் பட்டியலும் கையுமாக நின்றுகொண்டே இருந்தார். செயலர் பதவி மூன்று முறை வாசல் வரை வந்து திரும்பிப் போனது. மூன்றாவது முறை அது பெரியவரின் மைத்துனருக்குப் போனது. மேடையின் இடது பக்கம் எது, வலது பக்கம் எது என்று கேட்டால் மோதிரத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிற ஆள் அவர். அன்று நாற்காலிக்காரர் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

"விடுங்க. பதவி வரலைன்னா தலையா போயிடும்?" என்றாள் மனைவி. "வந்தவங்களுக்குத்தான் இதுவரைக்கும் தலை போயிருக்கு."

"உனக்குப் புரியாது."

"எனக்குப் புரியாததுன்னு நீங்க சொன்னதெல்லாம் எனக்கு நல்லாப் புரிஞ்ச விஷயங்கதான்."

அவர் காதில் அது விழவில்லை. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டேதான் ஆட்சியைக் கவிழ்ப்பது என்று முடிவு செய்தார்.

மற்ற நாடுகளில் சதி செய்பவர்கள் ரகசியக் கடிதம் எழுதுவார்கள், முகமூடி போட்டுக்கொண்டு சந்திப்பார்கள். இவரிடம் இருந்தது நாற்காலி. டாங்கிப் படைத் தளபதி ஒருவர் இருந்தார், கன்னம் முழுக்க மீசை. இரண்டாம் வரிசையில் உட்காரும் மரியாதை அவருக்கு. அவரை அடுத்த விழாவில் மூன்றாம் வரிசைக்குத் தள்ளினார். அதற்கடுத்த விழாவில் தூணுக்குப் பின்னால். அதற்கும் அடுத்ததில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில். விழா முடிந்து காதைக் குடைந்துகொண்டு வந்த மீசைத் தளபதியிடம் போய் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

"நான் என்னங்க பண்றது? மேலேர்ந்து வந்த உத்தரவு."

"எவ்வளவு மேலேர்ந்து?"

நாற்காலிக்காரர் கூரையைப் பார்த்தார். தளபதியும் கூரையைப் பார்த்தார். பாதிப் புரட்சி அங்கேயே முடிந்துவிட்டது.

வானொலி நிலைய இயக்குநரையும் இதே மருந்தால் பக்குவப்படுத்தி, இருவரையும் தொடர்ந்து நான்கு விழாக்களில் அடுத்தடுத்து உட்கார வைத்தார். முதல் விழாவில் இருவரும் கொட்டாவி விட்டார்கள். இரண்டாவதில் முணுமுணுத்தார்கள். நான்காவதில் இரண்டு பேரும் சேர்ந்து வந்து, "உங்ககிட்ட கொஞ்சம் தனியாப் பேசணுமே" என்றார்கள். என்ன விஷயம் என்று ஒன்றும் தெரியாதவர் மாதிரி நாற்காலிக்காரர் கேட்டார்.

நாற்காலிக் கிடங்கில், கணக்கெடுப்பு என்ற பேரில், பட்டப்பகலில் கூடினார்கள். திட்டம் நாற்காலிக்காரருடையது. ஆண்டு விழா அணிவகுப்பில் காலை பத்து நாற்பதுக்கு டாங்கிகள் மேடையைத் தாண்டும். தாண்டாமல் நிற்க வேண்டும். பீரங்கிகள் மேடைப் பக்கம் திரும்ப வேண்டும். அந்த நிமிடமே வானொலி அறிவித்துவிட வேண்டும். எல்லாம் சரிதான். பெரியவருக்கு அப்புறம் பெரியவர் யார் என்பதை மட்டும் மூவரும் பேசவில்லை. மூவருமே மரியாதை தெரிந்தவர்கள்.

ஆனால் நாற்காலிக்காரர் அதற்கும் மூன்று வரைபடம் போட்டிருந்தார். ஒன்றில் நடு நாற்காலி தளபதிக்கு. அதைப் படைமுகாமில் போய்க் காட்டினார்: "துப்பாக்கி பிடிச்ச கைதாங்க நாட்டையும் பிடிக்கணும்." இன்னொன்றில் நடு நாற்காலி வானொலிக்காரருக்கு. அதை ஒலிப்பதிவு அறையில் காட்டினார்: "படிச்சவர் நீங்க இருக்கும்போது துப்பாக்கிக்காரன் எதுக்குங்க?" மூன்றாவது அவர் சட்டைப் பையில் இருந்தது. துவைக்கப் போட்டபோது மனைவி கையில் சிக்கியது.

"நடுவுல உங்க பேரு இருக்கு?"

"சும்மா, ஒரு மாதிரிக்குப் போட்டேன்."

"மாதிரிக்குன்னா எம் பேரப் போட்டிருக்கலாமே?"

காகிதத்தைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

விழாவுக்கு ஒரு மாதம் முன்னால் ஒத்திகை நடந்தது. பழக்க தோஷத்தில் இருவரையும் அடுத்தடுத்தே உட்கார வைத்திருந்தார். வெயிலில் சலித்துப்போன தளபதி பெருமை தாங்காமல் தன் வரைபடத்தை எடுத்துக் காட்டினார். வானொலிக்காரர் தன்னுடையதை எடுத்து அதன் மேல் வைத்தார். பிறகு தளபதிக்குத் திடீரென்று பல்வலி வந்தது. வானொலிக்காரருக்கு வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை. இருவரும் வெவ்வேறு வழியாகக் கிளம்பிப் பெரியவரின் மாளிகை வாசலில் சந்தித்துக்கொண்டார்கள்.

"அவனை மாட்டி விடத்தான் ஐயா, நாங்க சேந்த மாதிரி நடிச்சோம்" என்றார்கள் இருவரும், ஒரே குரலில். இருவருக்கும் பதக்கம் கிடைத்தது.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு நாற்காலிக்காரரைக் கூட்டிப்போனார்கள். பெரியவர் வெந்நீர்த் தொட்டியில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் மூன்று வரைபடங்கள், அலமாரியில் பூட்டியதும் சேர்த்து. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் போட்டிருக்கே. இதுல நான் எங்கய்யா இருக்கேன்?"

காலில் விழுந்திருக்கலாம், அழுதிருக்கலாம். இருபத்திரண்டு வருடப் பழக்கம் விடவில்லை. "ஐயாவுக்கு இதுல இடம் ஒதுக்கலீங்கய்யா" என்றார்.

பெரியவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, தொட்டித் தண்ணீர் தரையெல்லாம் தெறித்தது.

"நடுவுல உக்காரணும்னு உனக்கு அவ்வளவு ஆசை. எனக்கோ முதுகு வலி, மூணு மணி நேரம் உக்கார முடியல. எவன் எந்த மாடியிலேர்ந்து சுடுவானோன்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. உன் உயரமும் என் உயரமும் ஒண்ணுதான். இனிமே நீயே உக்காரு."

நாவிதர் வந்தார். தையற்காரர் வந்தார். கன்னத்துக்குள் அடக்கிக்கொள்ளப் பஞ்சு, கறுப்புக் கண்ணாடி, கழுத்து வரை பதக்கம். கணவரை அரசு வேலையாக வெளிநாட்டுக்கு அனுப்பியிருப்பதாக மனைவிக்குத் தகவல் போனது.

ஒரு பாலத் திறப்பு, ஒரு பள்ளிக்கூடத் திறப்பு, ஒரு சிலைத் திறப்பு. நாற்காலிக்காரர் நடுவில் உட்கார்ந்தார். மைதானத்தின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் தெரியும்படி அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவரேதான். இப்போது எட்டு மாடிகள் அங்கிருந்து தெரிந்தன. ஒவ்வொரு மாடியிலும் யாரோ துணி உலர்த்தினார்கள். ஒவ்வொரு துணி அசைந்தபோதும் அவர் ஒருமுறை செத்துப் பிழைத்தார்.

ஆண்டு விழா வந்தது. பதக்கம் வாங்கியபின் தளபதி நன்றாக யோசித்துப் பார்த்திருந்தார். திட்டத்தில் குறையே இல்லை, ஆள்தான் ஒருத்தர் அதிகம் என்று அவருக்குப் பட்டது. வானொலிக்காரரும் அதையே நினைத்திருந்தார். காலை பத்து நாற்பதுக்கு டாங்கிகள் நின்றன. பீரங்கிகள் திரும்பின. மந்திரிகள் எழுந்து ஓடப் பார்த்தார்கள். கால் அறுத்த நாற்காலியிலிருந்து அவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்க முடியவில்லை. நாற்காலிக்காரர் எழுந்திருக்கவே இல்லை. தன் திட்டம் நிமிடம் பிசகாமல் நடப்பதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

படைமுகாமில் ஓர் அறைக்குக் கொண்டுபோய்க் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார் தளபதி.

"அடப்பாவி, நீயா!"

கன்னத்திலிருந்து பஞ்சைத் துப்பிவிட்டு, "நான்தாங்க" என்றார் நாற்காலிக்காரர்.

வானொலிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொடுங்கோலன் பிடிபட்டான் என்று அதற்குள் மூன்று முறை அறிவித்தாகிவிட்டது. அந்த அறிவிப்பை உண்மையான பெரியவரும் வெந்நீர்த் தொட்டியில் காலை வைத்துக்கொண்டே கேட்டார். காலைத் துடைத்துக்கொண்டு, சலவை வண்டியில் ஏறி, எல்லையைத் தாண்டிப் போய்விட்டார். பிடிபட்டுவிட்ட மனிதரை யார் தேடுவார்கள்?

"இது வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்?" தளபதி குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "ஒரு குமாஸ்தாவப் பிடிக்க நாப்பது டாங்கி கொண்டு வந்தோம்னு ஊரே சிரிக்கும்."

"துணைச் செயலருங்க" என்று திருத்தினார் நாற்காலிக்காரர்.

கடைசியில் பேசி முடித்தார்கள். அவர் பெரியவராகவே இருந்து விசாரணையில் எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டும். தூக்கு இல்லை, ஆயுள் காவல். வீட்டுக்காரியைத் தொடமாட்டார்கள். அவர் மறுபடி பஞ்சை எடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டார்.

நகர மண்டபத்தில் நாற்பது நாள் விசாரணை. அறுநூற்றுச் சொச்சம் குற்றச்சாட்டு. முதல் நாள் சாட்சிக் கூண்டில் வெயில் அடிப்பதைப் பார்த்துவிட்டு அதை நான்கடி தள்ளிப் போடச் சொன்னார். கொடுங்கோலனின் திமிரைப் பாருங்கள் என்று பத்திரிகைகள் எழுதின. இரண்டாம் நாளிலிருந்து கடைசி வரிசையில் அவர் மனைவி வந்து உட்கார ஆரம்பித்தாள். முப்பது வருடமாகப் பார்த்த காது மடல் எந்தக் கண்ணாடிக்கும் மறையவில்லை. அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் வாரம் தூங்கி வழிந்தார். இரண்டாம் வாரம் கேட்க ஆரம்பித்தார். மகனைத் தேடுகிறவர்கள், அண்ணனைத் தேடுகிறவர்கள், ஒற்றைச் செருப்பைக் கொண்டுவந்து காட்டியவர்கள். ஒவ்வொருவருக்கும் தலையாட்டினார். தலை நாளுக்கு நாள் கனத்தது.

முப்பத்தோராம் நாள் ஒரு தையற்காரி கூண்டேறினாள். ஐம்பது வயது இருக்கும். விழாத் துறையில் பெயர் அட்டை எழுதியவரின் மனைவி. பதினான்கு வருடம் முன்னால் ஒரு விழாவில், பெரியவரின் மைத்துனருக்கு வைத்த அட்டையில் 'மாண்புமிகு' என்பதற்குக் கால் விட்டுப்போய் 'மண்புமிகு' என்று இருந்தது. கூட்டம் சிரித்துவிட்டது. சாயங்காலம் நான்கு மணிக்கு எழுத்தரைக் கூட்டிப்போனார்கள்.

"அவர் எழுத்துல தப்பே வராதுங்க" என்றாள். "யாரோ மேலதிகாரி கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்களாம், இவர்தான் தப்புன்னு. அது யாருன்னுகூட நான் கேக்கல. எங்க புதைச்சாங்கன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க."

எழுத்தரிடம் தப்பே இல்லை. நாற்காலிக்காரர் அவசரத்தில் எழுதிக் கொடுத்த பட்டியலிலேயே கால் இல்லை. எழுத்தர் உள்ளது உள்ளபடி எழுதியிருந்தார். அன்று துறைக்குள் விசாரணை வந்ததும் நாற்காலிக்காரர் பட்டியலைக் கிழித்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

இப்போது எழுந்து நின்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான்தாம்மா போட்டேன்."

"குற்றவாளி ஒப்புக்கொண்டார். அடுத்து" என்றார் நீதிபதி.

"இல்லீங்க. மத்ததுக்கெல்லாம் சும்மா தலையாட்டினேன். இது நெசமாவே நான் செஞ்சது."

வானொலிக்காரர் கையை ஆட்ட, ஒலிபெருக்கி நின்றுபோனது. மண்டபத்தில் சலசலப்பு. நாற்காலிக்காரர் பஞ்சைத் துப்பிவிட்டுத் தன் சொந்தக் குரலில் கத்தினார்.

"வடக்குக் கல்குவாரி தெரியுமாம்மா? அதுக்குப் பின்னால ஒரு தண்ணித்தொட்டி இருக்கு. தொட்டிக்குக் கிழக்கே, சுவரை ஒட்டி. அவர் பேரை நீக்கச் சொல்லி எங்க துறைக்கு வந்த காகிதத்துல எழுதியிருந்துச்சு. நான்தான் வாங்கி வச்சேன்."

காவலர்கள் அவரைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தார்கள். தையற்காரி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டவில்லை, அழவும் இல்லை. "கிழக்கே, சுவரை ஒட்டி" என்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுக் கூண்டிலிருந்து இறங்கி நடந்தாள். அன்று மத்தியானமே தன் தம்பியையும் மண்வெட்டியையும் கூட்டிக்கொண்டு குவாரிக்குப் போனாள். சொன்ன இடத்தில் இருந்தது.

கொடுங்கோலனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மறுநாள் வானொலி சொன்னது. தீர்ப்பு பேசியபடியே வந்தது. ஊருக்கு வெளியே, சுற்றுச்சுவர் வைத்த ஒரு பங்களாவில் அடைத்தார்கள். சமையலுக்கு ஆள் வேண்டும் என்று விளம்பரம் வந்தபோது ஒரே ஒருத்தி மனுப் போட்டாள். கொடுங்கோலனுக்குச் சமைக்க வேறு யாருக்கும் மனமில்லை.

முதல் நாள் அவள் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்து, எழுத்தர் பாவம், கவனக்குறைவு அப்படின்னு சொன்னீங்க. நானும் ஐயோ பாவம்னேன்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

எந்தக் கேள்விக்கும் ஒரு பதில் தயாராக வைத்திருந்த மனிதர் அவர். "சொல்லியிருக்கணும்" என்றார்.

அவள் கரண்டியை எடுத்தாள். "சாப்பிடுங்க, ஆறிடப் போகுது" என்றாள்.