பீடத்தின் பின்னே நின்ற காளை

அண்டை வீட்டார் தேக்குக் கதவுக்குப் பூசியதன் மணம் இன்று காலை பீளமேட்டில் என் அறைவரை வந்துவிட்டது. ‘மெருகெண்ணெய்’ என்றெழுதத்தான் ஆசை. மூக்கோ வார்னிஷ் என்றே அடம்பிடிக்கிறது. அந்த மணத்தைப் பற்றிக்கொண்டு நினைவு தாராபுரத்துக்குப் போயிற்று. ஆசிரியப் பணியின் முதல் ஆண்டுகளில் நான் வழிபட்ட சிற்றாலயம் அங்கேதான் இருந்தது.

பீடத்தின் பின்சுவரை மறைத்து நின்றது ஒரு தேக்குப் பலகைத் திரை. இருபுறமும் திராட்சைக்கொடி செதுக்கிய தூண்கள். நடுவே கிறிஸ்து பிறப்பின் ஓவியம். பின்னாளில் எத்தனையோ பேராலயங்களைக் கண்டேன். அந்தப் பொன்னும் நீலமும் வேறெங்கும் அப்படிக் கனிந்திருக்கக் காணவில்லை. குழந்தையின்மேல் மூச்சுவிட்டு நின்றதோ, திமிலும் வளைந்த கொம்புமாக அசல் காங்கேயம் காளை! எங்கள் பங்கைச் சேர்ந்த தெரசம்மாளின் காளை, ஆலயம் கட்டக் கல்வண்டி இழுத்தது; அதைப் பார்த்தே ஓவியர் தீட்டினாராம். அது இறந்தபின், கணவரையும் இழந்திருந்த அந்த அம்மையாருக்கு அதைக் காண வேறிடமில்லை.

புதிதாக வந்த பங்குத்தந்தை கடற்கரைச் சீமைக்காரர், கண்டிப்பானவர். ஒரு ஞாயிறு பூசை முடிவில், பெத்லகேமில் காங்கேயம் மாடு ஏது, அழித்துவிடலாம் என்றார். தெரசம்மாள் எழுந்து நின்றார்.

“ஏனுங்க சாமி, கட்டுத்தரையில மாடு நிக்காம பின்ன கோழியாங்க நிக்கும்?”

எல்லாரும் சிரித்தோம், சாமியார் சிரிக்கவில்லை.

தவக்காலத்தின் கடைசி இரு வாரங்களில் படங்களை ஊதாத் துணியால் மூடுவது வழக்கம். அவ்வாண்டு அத்துணிக்குப் பின்னிருந்து புதுச்சாய வாடை வந்தது. ஓவியர் வந்துபோனதைச் சிலர் கண்டிருந்தனர். காளை போயிற்று என்றே முடிவு செய்தோம். தெரசம்மாள் முன்வரிசையை விட்டு வாசலருகே போய் அமர்ந்தார். நானோ கலையின் மாண்பு குறித்து ஒரு நெடிய விண்ணப்பத்தை மனத்துக்குள்ளேயே செப்பனிட்டுக்கொண்டிருந்தேன்.

உயிர்ப்பு ஞாயிறு காலையில் துணி விலகியிருந்தது. காளை அங்கேயே நின்றது. அதன் முன்னே, அது தின்னவென்று புதிதாகத் தீட்டிய ஒரு பிடி பச்சைச் சோளத்தட்டு. கல்வண்டிக் கதையை யாரோ சொல்லக் கேட்ட சாமியார்தாம் அதைத் தீட்டச் செய்தாராம்.

தெரசம்மாள் முன்னே வந்து நெடுநேரம் பார்த்தார்.

“சாமிக்கு மாடு வளக்கத் தெரியுமாட்ட இருக்குதுங்க” என்று பக்கத்தில் நின்ற என்னிடம் சொல்லிவிட்டு, பழைய இடத்தில் பாயை விரித்தார்.

அவர் மறைந்து பல்லாண்டாயிற்று. பலகைகளைக் கறையான் தின்றது. ஆலயமும் பெரிதாக எழுந்தது. பீடத்தின் பின்னே இப்போது மெருகேற்றிய கருங்கல். நிமிர்ந்து காளையைத் தேடினால், நம் முகந்தான் தெரிகிறது.