சரிந்த மேசையும் என் அடிமட்டமும்

சரிந்த மேசையில் கிடக்கும் அப்பிள்கள் ஏன் உருண்டு விழவில்லை? ஒரு படத்தைக் காட்டி மகள் கேட்டு இரண்டு மாதமாகிறது.

முதலாம் வகுப்புக்குப் போகும் அவளிடம் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்ட படம் அது. நூறு வருடத்துக்கு முந்திய பிரெஞ்சு ஓவியர் ஒருவருடையதாம். அவர் இல்லாவிட்டால் நவீன ஓவியமே இல்லையாம். வீட்டிலும் அப்பிள் வைத்துப் பிள்ளை தானே படம் கீற வேண்டும் என்று ரீச்சர் குறிப்பெழுதியிருந்தார்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. விரிப்புக்கு இடப்பக்கம் மேசை விளிம்பு ஓர் உயரத்தில், வலப்பக்கம் இன்னோர் உயரத்தில். தட்டு கவிழப் பார்க்கிறது. யாழ்ப்பாணத்தில் எங்கள் சித்திர வகுப்பில் இப்படிக் கீறியிருந்தால் தண்டனையாக வாங்குப் பலகைமேல் ஏற்றி நிற்க விட்டிருப்பார்கள். நூலகத்தில் புத்தகம் எடுத்தும் பார்த்தேன். இவர் மேசையைச் சரித்தார். இவரைப் பின்பற்றியவர்கள் மனித முகங்களையே கட்டை கட்டையாக உடைத்தார்கள். இதற்குப் பெயர் செல்வாக்காம்.

"உவருக்குக் கண்ணிலை ஏதும் வருத்தமோ?" என்று ஓவியரின் பார்வையைச் சந்தேகித்தார் கணவர்.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த சென் ஜேம்ஸ் ரவுணில், பதினாறாம் மாடி வீட்டில், எங்கள் மடக்கு மேசைமேல் மூன்று அப்பிள்களை வைத்து மகள் பென்சிலால் கீறினாள். அதுவும் சரிவு. அவள் குளிக்கப் போன நேரம் அழிறப்பரால் எல்லாவற்றையும் அழித்தேன். அடிமட்டம் வைத்து நேர்கோடாய் மேசையும், கோப்பையைக் கவிழ்த்து மூன்று வட்டங்களும் போட்டேன். வீட்டுப்பாடத்தைத் திருத்தி அனுப்புவது தாயின் கடமை என்று வளர்ந்தவள் நான்.

மறுநாள் மகளைக் கூட்டிவரப் போனபோது படங்களெல்லாம் வகுப்புச் சுவரில் இருந்தன. "இதை யார் வரைந்தது?" என்று ரீச்சர் மகளின் படத்தைக் காட்டி ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். மகள் என்னைக் காட்டினாள்.

திரும்பி வந்து லிப்டுக்குக் காத்து நிற்கையில், "நீங்கள் கீறினது பொய்யம்மா. எங்கட மேசை சரிவுதானே?" என்றாள்.

சரிவுதான். குட்டைக் காலுக்கு அட்டை மடித்து வைத்தும் சரிவுதான். நான்தான் அதைப் பார்க்காமல் கீறியிருக்கிறேன்.

அன்றிலிருந்து, கீறச் சொன்னால் பென்சிலை என்னிடம் நீட்டுகிறாள்.

"நீங்களே கீறுங்கோ. உங்களுக்குத்தான் வடிவா வரும்."

அந்த ஓவியரை நான் இன்னும் மதிக்கவில்லை. அவருடைய மேசையை நிமிர்த்தவேண்டும் என்று இத்தனை காலம் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்றுதான் நினைக்கிறேன். எனக்கோ மகளின் மேசைதான் அகப்பட்டது. அவளிடம் பிழையை ஒத்துக்கொண்டால் இனி நான் எதைத் திருத்தினாலும் கேட்கமாட்டாளோ என்று பயம். ஒத்துக்கொள்ளாவிட்டால் பென்சில் என் கையிலேயே தங்கிவிடும்.

பிள்ளை வளர்த்தவர்களே, அந்தப் பென்சிலை அவளிடம் எப்படித் திருப்பிக் கொடுப்பது? தெரிந்தால் எழுதுங்கள்.