என் வீட்டில் ரைஸ் மில் ஓடவில்லை

என் வீட்டில் சத்தம் என்று நீங்கள் சொன்னது பொய். பயிற்சி கொடுத்த மேடம், உங்களைத்தான் சொல்கிறேன். முதல் நாள் தெரியாமல் சொன்னீர்கள், வெறும் தப்பு என்று விட்டிருப்பேன். காதால் கேட்ட பிறகும் அதையே எழுதி என்னை வீட்டுக்கு அனுப்பினீர்கள். நான் ஏற்கெனவே வீட்டில்தான் இருந்தேன், அது வேறு விஷயம்.

படிக்கிறவர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி ரிப்பேர் ஆனால் ஒரு நம்பருக்குப் போன் செய்து புகார் சொல்வீர்கள் இல்லையா, அந்தப் பக்கம் பேசுகிற குரல்களில் ஒன்றாக நான் இருந்தேன். செஞ்சியில் என் வீட்டிலிருந்தே வேலை. அதற்கு முன்னால் விழுப்புரத்தில் ஒரு துணிக்கடையில் நின்றேன். விடிந்ததும் பஸ், இருட்டிய பிறகு பஸ். அம்மா செத்த பிறகு அது முடியாமல் போனது. என் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, சர்க்கரை. ஒரு கண் சரியாகத் தெரியாது. ஒருமுறை அடுப்பைப் பற்றவைக்கப் போய் வேட்டியில் தீப்பிடித்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து அணைத்தார்கள். அதனால் இந்த வேலை எனக்கு எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ளுங்கள். இது நிலைத்தால் நைனாவோடு இருப்பேன். போனால் மறுபடி விழுப்புரம் பஸ், அவர் தனியாக.

முதலில் சோதனைக் காலம், அது முடிந்தால்தான் நிரந்தரம் என்றார்கள். கூரியரில் லேப்டாப் வந்தது. "நோட்டு மாதிரி மெல்லிசு, கையில எடுத்தா வெயிட்டே தெரியாது" என்று பயிற்சியின்போது உங்கள் லேப்டாப்பைத் தூக்கிக் காட்டிப் பெருமைப்பட்டீர்கள். நைனா கமிட்டியில், அதாவது எங்கள் ஊர் நெல் மார்க்கெட்டில், மூட்டை தூக்கியே தேய்ந்தவர். என் லேப்டாப்பை வாங்கி ஒரு கையில் ஏந்திப் பார்த்தார்.

"இன்னாமா இது, உள்ளார எதுனா இருக்குதா, காலி டப்பாவ அனுப்பிட்டானா?"

மாசியில் வந்தது. அப்போது ஒன்றும் தெரியவில்லை. பங்குனி பாதியில் எங்கள் தெரு சூடேற ஆரம்பித்தது. மலையடிவாரத் தெரு. பகல் முழுக்கப் பாறை வெயிலைக் குடித்துவிட்டு எங்கள் பக்கம் துப்பும். கோட்டை பார்க்க வருகிறவர்கள் மேலே ஏறிப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எங்களுக்கு அதுதான் பக்கத்துச் சுவர். மேலே சிமெண்ட் ஷீட். மதியம் ஆனால் லேப்டாப்பின் இடது பக்க எழுத்துகளில் விரல் வைக்க முடியாது. உள்ளே இருக்கிற குட்டி ஃபேன் முதலில் மூச்சு விடுவது போலத் தொடங்கும். பிறகு கமிட்டியில் நெல் தூற்றுகிற ஃபேனைப் போல இரையும். அவ்வளவு மெல்லிசான பெட்டிக்குள் சூடு போக வழி ஏது? நைனா இரண்டு செங்கல்லைக் கழுவிக் கொண்டுவந்து அடியில் முட்டுக்கொடுத்தார். கொஞ்சம் அடங்கியது. மறுநாள் வெயில் இன்னும் ஏறியது.

கம்பெனியின் விதி, பேசும்போது பின்னால் எந்தச் சத்தமும் இருக்கக் கூடாது. அதனால் சீலிங் ஃபேனை நிறுத்தினேன். தெருச் சத்தம் வரும் என்று ஜன்னலைச் சாத்தினேன். டிவி கிடையாது. நைனாவுக்கு இருமல் உண்டு. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரே துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு கமிட்டி ஷெட்டில் போய் உட்கார்ந்துகொள்வார். வெயிலில் போகாதே என்றால், மூட்டை தூக்கியபோது பார்க்காத வெயிலா என்பார். யாரோடு இருக்க இந்த வேலைக்கு வந்தேனோ அவரை வெளியே அனுப்பிவிட்டு, மூடிய அறையில் வியர்வை ஒழுக, "வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்" என்று பேசிக்கொண்டிருந்தேன்.

அப்படியும், நான் பேசியதைப் பதிவில் கேட்டு, பின்னால் சத்தம் என்று மார்க்கைக் குறைத்தீர்கள். கூப்பிட்டு விசாரித்தீர்கள். ஃபேன் ஓடுகிறதா, மிக்ஸி ஓடுகிறதா, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று. யாரும் இல்லை, லேப்டாப்பில் இருந்துதான் வருகிறது என்றேன்.

"எங்க ஆபீஸ்லயும் இதே மாடல்தான்மா. ஒரு சத்தமும் வரலையே?"

வராது. சித்திரை மாதத்தில் நீங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வீடியோவில் உட்கார்ந்திருந்தீர்கள்.

அந்த வாரமே, எல்லாரும் இருந்த மீட்டிங்கில், நான் பேசிய ஒரு அழைப்பின் பதிவைப் போட்டுக் காட்டினீர்கள். "செஞ்சி அரிசி ஃபேமஸ்தான். அதுக்காக ரைஸ் மில்லுக்குள்ளயே உக்காந்து வேலை பாக்கணுமா?" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். என்னோடு சேர்ந்த மேல்சித்தாமூர்ப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நானும் சிரித்து வைத்தேன். வேலை வேண்டுமே.

பிறகு ஒருநாள் மதியம் கரண்ட் போனது. போனில் இருந்து நெட் எடுத்துக்கொண்டு, புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்துபோட்டு வேலை பார்த்தேன். லேப்டாப் வாயை மூடிக்கொண்டது. ஆனால் நத்தையாகிவிட்டது. ஒரு வாடிக்கையாளரின் விவரம் திரையில் வருவதற்குள் அவர் என்னைத் திட்டி முடித்துவிட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கரண்டில் ஓடினால் வேகமாக வேலை செய்து, சூடாகிக் கத்தும். பேட்டரியில் ஓடினால் சூடாகாமல் தூங்கி வழியும். கத்தினால் சத்தத்துக்கு மார்க் போகும், தூங்கினால் நேரத்துக்கு மார்க் போகும். போதாக்குறைக்கு உங்கள் விதிப்படி ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, லேப்டாப்பை நானே வேகவைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் வரக் கூடாது என்று நீங்கள் சொன்னதைச் செய்யச் செய்யத்தான் சத்தம் கூடியது.

இதை அடுத்த மீட்டிங்கில் சொன்னேன். லேப்டாப்பை மேசையில் சமமாக வைத்திருக்கிறாயா, சுவரை ஒட்டி வைத்திருக்கிறாயா என்று கேட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. வாஷிங் மெஷின் சத்தம் போடுகிறது என்று யாராவது போன் செய்தால் நாங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்விகள் இவைதான். கம்பெனிக்கு, தப்பு எப்போதும் மெஷினை வாங்கியவர் வீட்டில்தான் இருக்க வேண்டும், மெஷினில் இருக்கக் கூடாது. ஆனால் அந்தக் கேள்விகளுக்குப் பிறகு இன்னொன்றும் உண்டு. போனை மெஷின் பக்கத்தில் வையுங்கள், நாங்கள் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான்.

"எனக்கும் அதையே செய்யுங்க மேடம். மைக்க லேப்டாப் மேல வைக்கிறேன். ஒரு நிமிஷம் கேளுங்க."

"இது அதுக்கான இடம் இல்லம்மா" என்றீர்கள். நான் ஹெட்செட்டைக் கழற்றி லேப்டாப்பின் மேல் வைத்துவிட்டேன். அந்த இரைச்சல் எல்லார் காதிலும் விழுந்தது. இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. நீங்கள் என்னை மியூட் செய்தீர்கள்.

அதற்குப் பிறகு வந்த மெயிலில், என் வீட்டுச் சூழல் வேலைக்கு ஏற்றதாக இல்லை என்று இருந்தது. லேப்டாப்பைத் திருப்பி அனுப்பச் சொன்னீர்கள். அனுப்பினேன். வீட்டுக்கு வந்து ஜன்னலைத் திறந்து, சீலிங் ஃபேனைப் போட்டு, அடியில் படுத்தேன். கமிட்டியில் இருந்து நைனா வந்தார். நடையிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாமா, ஃபேன் ஓடுது?"

 லேப்டாப் இருந்த இடத்தில் செங்கல் இரண்டும் மட்டும் இருந்ததைப் பார்த்தார், துண்டை உதறிப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இப்போது விழுப்புரம் பஸ்ஸில்தான் போய் வருகிறேன். அதே துணிக்கடை. அடுப்பைத் தொடாதே என்று சொல்லிவிட்டு, காஸ் சிலிண்டரை மூடிவிட்டுக் கிளம்புகிறேன். பஸ்ஸில் இருக்கிற நேரமெல்லாம் போன் கையிலேயே இருக்கும்.

போன மாதம் மேல்சித்தாமூர்ப் பெண் கூப்பிட்டாள். அன்றைக்குச் சிரித்ததை மனசில் வைத்துக்கொள்ளாதே என்றாள். வைத்திருக்கிறேன் என்றேன். 

"எனக்கும் அதே சத்தந்தான்கா. எல்லாருக்கும் இருக்குது. உங்களுக்கு நடந்தத பாத்துட்டு ஒருத்தரும் வாயத் தொறக்கல. நான் ஈரத்துணிய கீழ போட்டு ஓட்டிக்கினு இருக்கேன்."

 ஈரத்துணி லேப்டாப்பைக் கெடுத்துவிடும், எடுத்துவிடு என்று மட்டும் சொன்னேன். கெட்டுப்போனால் அதற்கும் அவள் வீட்டைத்தான் சொல்வீர்கள்.

மேடம், தனியாக எனக்குப் போன் செய்யாதீர்கள், எடுக்க மாட்டேன். என்னைப் பார்த்து எல்லாரையும் சிரிக்கவைத்த அதே மீட்டிங்கைக் கூட்டுங்கள். ஏசியை நிறுத்துங்கள், ஸ்வெட்டரைக் கழற்றுங்கள், ஜன்னலைச் சாத்துங்கள். எங்களைப் போல மதியம் முழுக்க அந்த மெல்லிசு லேப்டாப்பில் வேலை பாருங்கள். பிறகு அதன் மேல் மைக்கை வையுங்கள். யாரும் மியூட் செய்யக் கூடாது. எல்லாரும் கேட்ட பிறகு, அவர்கள் முன்னாலேயே சொல்லுங்கள்: சத்தம் யார் வீட்டிலிருந்து வந்தது?