நாலாவது ஆளுக்கு விசிட்டர் பாஸ்

நான் காவல் காக்கும் கட்டடத்தில் யாரும் குடியில்லை. ஆனாலும் ஏசி ஓயாமல் ஓடுகிறது. வாசலில் நாங்கள் துபாய் வெயிலில் வெந்துகொண்டிருக்க, உள்ளே வரிசை வரிசையான அலமாரிகளில் கம்ப்யூட்டர்கள் குளுகுளுவென்று வாழ்கின்றன. டேட்டா சென்டர் என்று பெயர். வந்த புதிதில் என் மனைவி செல்வி போனில் கேட்டாள்.

"உள்ள என்னங்க வச்சிருக்காங்க, தங்கமா?"

"ஊரு உலகத்துல எடுக்குற போட்டோ, வீடியோ, எல்லாம்."

"நம்ம கல்யாண வீடியோவும் அங்கதான் இருக்கா?"

"இருந்தாலும் இருக்கும்."

"அப்பப் பத்திரமாப் பாத்துக்குங்க. நம்ம வூட்டு சிடி ஓட மாட்டேங்குது."

அன்றிலிருந்து கொஞ்சம் கூடுதல் விறைப்போடுதான் நிற்கிறேன்.

எங்கள் செந்துறையில் வாசலுக்கு யார் வந்தாலும் முதலில் "வாங்க" என்போம். யார் என்பதைத் தண்ணீர் கொடுத்த பிறகு கேட்டுக்கொள்ளலாம். இங்கே முதலில் அட்டை, அப்புறம் விரல் ரேகை, அப்புறம் சட்டைப்பையில் இருப்பதையெல்லாம் தட்டில் கொட்ட வேண்டும். சூயிங்கம் கூட உள்ளே போகக் கூடாது. பெரிய பெரிய என்ஜினியர்கள் என் முன்னால் பையை உதறிக் காட்டும்போது எனக்கு லேசாகத் தலைக்கனம் ஏறுவது உண்மைதான்.

எங்கள் காவலை எடைபோட ஒரு வெள்ளைக்கார ஆடிட்டர் வந்தார். என் ஒப்பந்தம் முடியப்போகிற நேரம். அவர் திருப்தியாகப் போனால் புதுப்பிப்பார்கள்; இல்லாவிட்டால் மறுபடி அரியலூர் பஸ்தான். அவரை உள்ளே அழைத்துப்போக எங்கள் பிலிப்பைன்ஸ் மேனேஜர் மேடம், காவலுக்கு நான். எண்ணிப் பார்த்தேன். மூன்று பேர்!

மூன்று பேராகப் போனால் காரியம் விளங்காது என்பது தெரியாதவர் நம் பக்கம் உண்டா? செல்வியைப் பெண் பார்க்கக் கல்லங்குறிச்சிக்குக் கிளம்பியபோதும் அப்பா, மாமா, நான் என்று மூன்று பேர்தான். மாமா பஸ் ஸ்டாண்டில் ஒரு கல்லைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கல்லும் ஓர் ஆள் கணக்கு. பெண் வீட்டில் அவர் குனிந்து பஜ்ஜி எடுத்தபோது அது தட்டில் 'ணங்' என்று விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. "நாலு பேரா வந்திருக்கீங்க, சந்தோஷம்" என்றார் பெண்ணின் அப்பா. கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது.

ஆகவே, கட்டட வாசலில் பரப்பியிருந்த கற்களில் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். கதவருகே ஆடிட்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "எல்லோரையும் நீ சோதிக்கிறாய். உன்னை யார் சோதிப்பது?"

அது ஜாபர் பாயின் வேலை. லப்பைக்குடிக்காட்டுக்காரர், எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். அவர் கை என் பைமேல் வந்து நின்றது.

"மாப்ள, என்னடா இது?"

"கல்லு, பாய். மூணு பேராப் போறோம்ல."

"யா அல்லாஹ்! இங்கயுமாடா?"

கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் நினைத்திருந்தால் விட்டிருக்கலாம். விடவில்லை. "சார், இவர் பையில் ஒரு கல் இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் போட்டுக் கொடுத்துவிட்டார். தட்டில் அதே 'ணங்'. பாயைக் கடித்துத் தின்னலாம் போல் கோபம் வந்தது எனக்கு.

"இது எதற்கு?" என்றார் ஆடிட்டர்.

"நாலாவது ஆள், சார்."

அவர் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். நான் தட்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். மேடம் மட்டும் தலையாட்டினார். "எங்கள் ஊரில் மூன்று பேராகப் போட்டோ எடுக்க மாட்டோம். நடுவில் நிற்பவருக்கு ஆகாது" என்றவர், தான் நடுவில் நிற்பதைக் கவனித்து, சத்தமில்லாமல் ஓரத்துக்கு நகர்ந்தார்.

ஆடிட்டர் நெடுநேரம் எழுதினார். பிறகு பாயின் கையைக் குலுக்கினார். "நண்பன் என்றும் பார்க்காமல் ஒரு கல்லைக்கூட விடவில்லை. இதைத்தான் பார்க்க வந்தேன்."

சோதனையில் பிடிபட்ட பொருளுக்கு அடையாள அட்டை கட்டி வைக்க வேண்டும் என்பது விதி. பாய் கையில் விசிட்டர் அட்டைதான் இருந்தது. அதையே கல்லுக்குக் கட்டினார். நாங்கள் மூவரும் உள்ளே போய்த் திரும்பும்வரை அது மேசையில் உட்கார்ந்திருந்தது. என் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது.

செல்வியிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கேட்டாள்: "அந்தக் கல்லு எந்த ஊருங்க? நம்மூர்லேர்ந்து கொண்டுபோனதா?"

"இல்ல, இந்த ஊருதான். வாசல்ல கெடந்துச்சு."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. வெள்ளைக்காரர், மேடம், பாய், நான் என்று அந்தக் கதவருகே நின்ற அத்தனை பேரிலும் இந்த மண்ணுக்குச் சொந்தமானது அந்தக் கல் ஒன்றுதான். விசிட்டர் என்று நாங்கள் அட்டை கட்டியதும் அதற்குத்தான்.